கசிவா, களவா? கால்பந்துப் பணமும் செய்தித் தடையும்

கால்பந்தின் ஊழல் வரலாறு பெரும்பாலும் கையூட்டுகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. யார் வாங்கினார், எவ்வளவு வாங்கினார், எந்த வாக்கு எந்த விலைக்குப் போனது என்பவையே அதன் கேள்விகள். அதற்கு இணையாக இன்னொரு வரலாறும் ஓடுகிறது. கையூட்டைப் பற்றிய செய்தி வாசகரை அடையாமல் எவ்வாறு தடுக்கப்பட்டது, எத்தனை காலம் தடுக்கப்பட்டது, தடை உடைந்தபோது தண்டிக்க என்ன எஞ்சியிருந்தது என்பவை இந்த இரண்டாம் வரலாற்றின் கேள்விகள்.

தணிக்கை என்றதும் அரசு இணையதளங்களை முடக்குவதே பொதுவாக நினைவுக்கு வரும். ஐரோப்பியக் கால்பந்தில் அத்தகைய நேரடி முடக்கம் மையமான கருவியாக இருந்ததில்லை. முத்திரையிட்ட நீதிமன்றக் கோப்பு, இடைக்காலத் தடையாணை, இரகசியக் காப்பு ஒப்பந்தம், செய்தியின் மூலத்தை வழங்கியவர் மீதான குற்றவழக்கு ஆகிய நான்குமே அங்குத் தடுப்புச் சுவர்களாக நின்றன. இவை ஒவ்வொன்றும் தன்னளவில் சட்டப்படியானது. ஒவ்வொன்றுக்கும் நியாயமான பயன்பாடும் உண்டு. இந்தச் சிக்கலை ஆராய்வதற்குரியதாக ஆக்குவது இதுவே. நான்கும் சேர்ந்து என்ன செய்தன என்பதைக் காலவரிசையில் வைத்துப் பார்க்கும்போதுதான் அவற்றின் மொத்த விளைவு புலப்படுகிறது.

1. முத்திரையிட்ட கோப்பு

உலகக் கோப்பையின் ஒளிபரப்பு, விளம்பர உரிமைகளைக் கையாண்ட ஐஎஸ்எல் என்னும் சுவிஸ் நிறுவனம் 2001இல் திவாலானது. அதன் கணக்குகளை ஆராய்ந்தவர்கள் விளையாட்டு நிர்வாகிகளுக்குப் போன பெருந்தொகைகளைக் கண்டனர். ஏறத்தாழ 13.8 கோடி சுவிஸ் பிராங்க் இவ்வாறு கைமாறியது என்பது, 2008இல் அந்நிறுவனத்தின் முன்னாள் அலுவலர்கள் மீது ட்சூக் நகரில் நடந்த வழக்கில் வெளிப்பட்டது. கொடுத்தவர்கள் நீதிமன்றத்தில் நின்றனர். வாங்கியவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் வெளியே வரவில்லை. அந்தக் காலத்துச் சுவிஸ் சட்டத்தில் தனியார் துறைக் கையூட்டு குற்றமாகக் கருதப்படாததால், வாங்கியதற்காக வழக்குத் தொடுக்கும் வழியும் குறுகியிருந்தது.

2010இல் வழக்குத்தொடுநர் அலுவலகம் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு விசாரணையை முடித்து வைத்தது. முடித்துவைப்பு ஆணையில் பெயர்கள் இருந்தன, ஆணையோ வெளியிடப்படவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் அதனை மூடி வைக்கச் சட்டப்படி போராடினர். பிபிசி உள்ளிட்ட ஊடகத்தார் அதனைத் திறக்கப் போராடினர். 2012 ஜூலையில் சுவிஸ் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் ஊடகத்தாருக்குச் சார்பாக முடிவு செய்த பின்னரே ஆணை வெளிவந்தது. ஃபிஃபாவின் முன்னாள் தலைவர் ஜோவாவோ அவலாஞ்ச் 1997இல் குறைந்தது 15 லட்சம் பிராங்கும், பிரேசில் கால்பந்து கூட்டமைப்பின் நெடுநாள் தலைவர் ரிக்கார்டோ தெய்செய்ரா 1992க்கும் 1997க்கும் இடையில் சுமார் 1.27 கோடி பிராங்கும் பெற்றனர் என்பது அதில் பதிவாகியிருந்தது.

செய்தி வந்து சேர்ந்த வேளையில் அவலாஞ்சுக்கு வயது 96. மறு ஆண்டு அவர் தம் கௌரவத் தலைவர் பதவியைத் துறந்தார். தெய்செய்ரா அதற்கு முன்பே, 2012 மார்ச்சிலேயே, பதவியிலிருந்து விலகியிருந்தார். 1990களில் நிகழ்ந்த ஒன்று பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் உறுதிப்பட்டது. இடையில் நான்கு உலகக் கோப்பைகள் நடந்து முடிந்திருந்தன. மேலும் இரண்டுக்கான வாக்கெடுப்பும் முடிந்திருந்தது.

அந்த வாக்கெடுப்பை ஒட்டியும் ஒரு நிகழ்வு உண்டு. 2010 டிசம்பர் 2ஆம் நாள் 2018, 2022 போட்டிகளை நடத்தும் நாடுகள் தேர்ந்தெடுக்கப்பட இருந்தன. அதற்கு மூன்று நாள்களுக்கு முன், ஐஎஸ்எல் பணம் பற்றிய பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சி ஒளிபரப்பானது. அதனை நடத்தியவர் ஆண்ட்ரூ ஜென்னிங்ஸ். ஃபிஃபாவின் செய்தியாளர் சந்திப்புகளிலிருந்து 2003 முதல் விலக்கி வைக்கப்பட்டிருந்தவர். போட்டியை நடத்த விரும்பிய இங்கிலாந்துக் குழுவினர் ஒளிபரப்பின் நேரத்தைக் குறித்துக் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். நாட்டுப்பற்றற்ற செயல் என்றுகூடச் சாடினர். இங்கே நீதிமன்ற ஆணை எதுவும் இல்லை. 'இப்போது வேண்டாம்' என்ற வேண்டுகோள் மட்டுமே இருந்தது. செய்தியைத் தள்ளிப்போடுவதற்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடும் என்பதற்கு இது சான்று.

அதே வாக்கெடுப்பை ஆராய ஃபிஃபா நியமித்த அமெரிக்க வழக்கறிஞர் மைக்கேல் கார்சியா 2014 செப்டம்பரில் தம் அறிக்கையை ஒப்படைத்தார். நவம்பரில் வெளிவந்ததோ 42 பக்கச் சுருக்கம். அது முழுமையற்றது, பிழையானது என அறிக்கையை எழுதியவரே அறிவித்து, டிசம்பரில் பதவி விலகினார். ஜெர்மனியின் 'பில்ட்' நாளிதழ் முழு அறிக்கையையும் கைப்பற்றி வெளியிடத் தொடங்கிய பின்னர்தான், 2017 ஜூனில் ஃபிஃபா அதனைத் தானே பொதுவில் வைத்தது.

2. தடையாணையும் எல்லையும்

2015இன் இலையுதிர் காலத்தில் 'ஃபுட்பால் லீக்ஸ்' என்ற பெயரில் ஓர் எளிய வலைப்பதிவு தோன்றியது. அதில் கட்டுரைகள் குறைவு, ஒப்பந்தங்கள் மிகுதி. வீரர்களின் வருங்கால விற்பனை வருவாயில் வெளி முதலீட்டாளர்கள் பங்கு வாங்கும் முறையை ஃபிஃபா அந்த ஆண்டு மே மாதம்தான் தடை செய்திருந்தது. அந்த முறை உண்மையில் எவ்வாறு இயங்கியது என்பதை மூல ஆவணங்களே காட்டின. நெதர்லாந்தின் ட்வென்டே கழகம் டோயென் என்ற முதலீட்டு நிறுவனத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் ஒரு பகுதியை நாட்டுக் கூட்டமைப்பிடம் மறைத்திருந்தது வெளிப்பட்டது. 2015 டிசம்பரில் அக்கழகம் மூன்று பருவங்களுக்கு ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டது. காரெத் பேலை வாங்க ரியல் மாட்ரிட் கொடுத்த விலை பத்துக் கோடி யூரோவைத் தாண்டியது என்பதும், பொதுவில் சொல்லப்பட்ட 9.1 கோடியை விட அது அதிகம் என்பதும் 2016 ஜனவரியில் தெரியவந்தன.

அந்த ஆண்டில் 'டெர் ஷ்பீகல்' இதழுக்கு 1.86 கோடி ஆவணங்கள் வந்து சேர்ந்தன. இதழ் அவற்றைத் தனக்கென வைத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு ஐரோப்பிய ஊடகங்களைக் கொண்ட புலனாய்வுக் கூட்டமைப்புடன் பகிர்ந்து, 2016 டிசம்பர் 2 முதல் அனைவரும் ஒரே காலத்தில் வெளியிட்டனர். கிறிஸ்டியானோ ரொனால்டோ, ஜோசே மொரின்ஹோ முதலியோரின் விளம்பர வருவாய் அயர்லாந்து, பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் ஆகியவற்றின் வழியே சென்ற பாதையை அக்கட்டுரைகள் விவரித்தன.

ஏறத்தாழ அதே வேளையில் மாட்ரிட் நீதிபதி ஒருவர், கூட்டமைப்பின் ஸ்பானிய உறுப்பினரான 'எல் முண்டோ' நாளிதழ் அந்த ஆவணங்களை வெளியிடக் கூடாது என ஆணையிட்டார். வீரர்களுக்கு வரி ஆலோசனை வழங்கிய சட்ட நிறுவனம் ஒன்று தன் கணினிகள் ஊடுருவப்பட்டதாக அளித்த முறையீடே அதன் அடிப்படை. வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான தொடர்பு காக்கப்பட வேண்டியது என்பது அற்பமான வாதம் அன்று. எனினும் 1978ஆம் ஆண்டு ஸ்பானிய அரசமைப்பின் 20ஆம் பிரிவு கருத்துரிமையை எவ்வித முன்தணிக்கையாலும் கட்டுப்படுத்தலாகாது என்கிறது. அதே பிரிவின் வேறொரு கூறு, நீதிமன்ற ஆணையின் பேரில் மட்டும் வெளியீடுகளைப் பறிமுதல் செய்ய இடம் தருகிறது. வெளிவந்ததைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தை, இன்னும் வெளிவராததைத் தடுக்கும் அதிகாரமாகவும் வாசிக்கலாமா என்பதே மாட்ரிட் ஆணை எழுப்பிய அடிப்படைக் கேள்வி.

'எல் முண்டோ' வெளியீட்டைத் தொடர்ந்தது. ஏனைய பதினோரு நிறுவனங்களும் தொடர்ந்தன. தடையை ஐரோப்பா முழுவதற்கும் விரிக்கும் முயற்சி பயனளிக்கவில்லை. மாட்ரிட் வாசகர் ஒருவர் பாரிஸ், ஹாம்பர்க் நகரங்களின் தளங்களில் அதே செய்தியைப் படிக்க முடிந்தது. பன்னிரண்டு பேர் சேர்ந்து வெளியிடும் முறை, வேலைப் பங்கீட்டுக்கு மட்டும் உரியதன்று. ஒரு நாட்டின் ஆணை முழுச் செய்தியையும் அழிக்க முடியாதபடி அமைந்த ஒரு காப்பு முறையும் ஆகும்.

இலண்டனிலும் இதுவே நிகழ்ந்தது. டேவிட் பெக்காம் தொடர்பான மின்னஞ்சல்களை வெளியிடலாகாது என 2016 டிசம்பரில் 'சண்டே டைம்ஸ்' இதழுக்கு எதிராகத் தடையாணை பெறப்பட்டது. 2017 பிப்ரவரியில் கண்டத்து இதழ்கள் அவற்றை வெளியிட்டதும் ஆணை பொருளிழந்தது. அந்த மின்னஞ்சல்கள் திருடப்பட்டவை, திரிக்கப்பட்டவை என்பது பெக்காம் தரப்பின் நிலைப்பாடு.

எல்லைகளைக் கடந்து ஆணையைச் செலுத்த இன்னொரு வழியும் இருந்தது. அது தடை அன்று, இழப்பீடு. 2006 டிசம்பரில் பிரான்சின் 'லெ மோந்த்' நாளிதழ், ரியல் மாட்ரிட், பார்சிலோனா கழகங்களை ஊக்கமருந்து மருத்துவர் ஒருவருடன் தொடர்புபடுத்தி எழுதியது. ரியல் மாட்ரிட் ஸ்பெயினில் வழக்குத் தொடுத்து வென்றது. கழகத்துக்கு 3 லட்சம் யூரோவும், கழகத்தின் மருத்துவக் குழுவைச் சேர்ந்த ஒருவருக்கு 30 ஆயிரம் யூரோவும் வழங்கத் தீர்ப்பானது. அத்தீர்ப்பைப் பிரான்சில் நிறைவேற்ற முயன்றபோது வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை சென்றது. செய்தியாளரின் உரிமையை வெளிப்படையாக மீறும் அளவுக்கு இழப்பீடு அமையுமானால், மற்றோர் உறுப்பு நாடு அதனை நிறைவேற்ற மறுக்க வேண்டும் என 2024 அக்டோபர் 4ஆம் நாள் அந்நீதிமன்றம் விளக்கியது. கட்டுரை வெளிவந்து அப்போது ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் கால்பந்துக் கழகம் ஒன்றைப் பற்றி எழுத எண்ணிய சிறு பத்திரிகை ஆசிரியர் ஒருவர் இந்த வழக்கிலிருந்து என்ன பாடம் கற்றிருப்பார் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது. எழுதப்படாத கட்டுரைகளுக்கு ஆவணக் காப்பகம் இல்லை.

3. ஆவணத்திலிருந்து ஆளுக்கு

செய்தியை நிறுத்த இயலாதபோது கவனம் அதனைக் கொணர்ந்தவர் மீது திரும்பியது. 2018 நவம்பரில் இரண்டாம் தொகுப்பு, 7 கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்களின் அடிப்படையில் வெளிவந்தது. பெருங்கழகங்கள் தமக்கெனத் தனிப் போட்டி ஒன்றை அமைக்கத் தீட்டிய திட்டம், ஃபிஃபா தலைவர் ஜியானி இன்ஃபான்டினோவுக்கும் சுவிஸ் தலைமை வழக்குத்தொடுநருக்கும் இடையே நிகழ்ந்த அறிவிக்கப்படாத சந்திப்புகள், மான்செஸ்டர் சிட்டி கழகத்தின் விளம்பர வருவாய்க் கணக்குகள் ஆகியவை அதன் பொருள்கள். 2019 ஜனவரி 16ஆம் நாள் புடாபெஸ்ட்டில் ரூயி பின்டோ என்ற முப்பது வயதுப் போர்ச்சுகீசியர் கைது செய்யப்பட்டார். வரலாறு படித்தவர், கால்பந்து ரசிகர். அவரே 'ஃபுட்பால் லீக்ஸ்' என்பது அப்போது உலகுக்குத் தெரிந்தது.

அவர் தூய வீரராகவும் இல்லை. வெறும் திருடராகவும் இல்லை. 2015இல் புனைபெயரில் டோயென் நிறுவனத்தை அணுகி, வெளியீட்டை நிறுத்த 5 லட்சம் முதல் 10 லட்சம் யூரோ வரை கேட்டது வழக்கின் மையமானது. 2020 செப்டம்பரில் லிஸ்பனில் விசாரணை தொடங்கியபோது அவர் மீது 90 குற்றச்சாட்டுகள் இருந்தன. 2023 செப்டம்பர் 11ஆம் நாள் மிரட்டிப் பணம் பறிக்க முயன்றது, சட்டவிரோதக் கணினி ஊடுருவல், கடிதப் போக்குவரத்தை மீறியது ஆகியவற்றில் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டு, நிறுத்தி வைக்கப்பட்ட நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இதே மனிதரின் ஆவணங்களைப் பிரான்சின் நிதிக்குற்ற வழக்குத்தொடுநர் அலுவலகம் பெற்று விசாரணைக்குப் பயன்படுத்தியது. அங்கோலாவின் முன்னாள் அதிபர் மகள் இசபெல் தோஸ் சாந்தோஸின் செல்வம் பற்றி 2020 ஜனவரியில் வெளிவந்த 'லுவாண்டா லீக்ஸ்' ஆவணங்களுக்கும் அவரே மூலம் என்பது பின்னர் அறிவிக்கப்பட்டது. ஒரு நாட்டின் விலங்கும் மற்றொரு நாட்டின் சாட்சிக் கூண்டும் ஒரே ஆளுக்காகக் காத்திருந்தன.

2019இல் ஐரோப்பிய ஒன்றியம் ஊழலை வெளிப்படுத்துவோரைக் காக்கும் நெறியாணையை இயற்றியது. பணித் தொடர்பால் அறிந்ததை வெளிப்படுத்துவோருக்கே அது குடை பிடிக்கிறது. வெளியிலிருந்து கணினிக்குள் நுழைந்தவருக்கு அதில் இடமில்லை. கால்பந்துக் கழகத்தின் உள்ளிருக்கும் ஊழியரோ இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர். பேசக்கூடியவர் பேசாமலும், பேசியவர் காக்கப்படாமலும் போகும் இடைவெளி இது.

4. சொற்களின் சார்பு

இந்த வழக்குகளில் சட்டத்துக்கு முன்பே சொற்கள் தீர்ப்பளிக்கத் தொடங்கிவிட்டன. 'கசிவு' என்பதற்கு வினைமுதல் வேண்டியதில்லை. நீர் கசிவது போல் ஆவணமும் தானே கசிகிறது. 'கசியவிட்டார்' என்றால் ஓர் ஆள் தோன்றுகிறார். 'களவாடினார்' என்றால் ஆளும் தோன்றுகிறார், உடைமையும் தோன்றுகிறது, உடைமைக்கு உரியவரும் பாதிக்கப்பட்டவராகத் தோன்றுகிறார். ஒரே நிகழ்வை எந்த வினையால் சொல்கிறோம் என்பது யார் மீது அனுதாபம் பிறக்கும் என்பதை முடிவு செய்கிறது.

போர்ச்சுகீசிய ஊடகங்களில் பின்டோவுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் 'கணினிக் கொள்ளையர்' என்ற பொருளுடையது. அந்த மொழியில் தகவல் கொடுப்பவரைக் குறிக்கும் கொச்சைச் சொல்லான 'பூஃபோ', 1974இல் வீழ்ந்த சர்வாதிகாரத்தின் இரகசியக் காவல் துறைக்கு உளவு சொன்னவர்களைச் சுட்டியது. காட்டிக்கொடுத்தல் என்ற கறையை அத்தகைய சொற்கள் இன்னும் சுமக்கின்றன. ஆங்கிலத்தில் இதே செயலுக்கு வழங்கும் சொல்லில் ஊதல் ஒலிக்கிறது. ஊதுபவர் ஆட்டத்தின் விதியைக் காப்பவர் என்ற எண்ணம் அதனால் எளிதில் எழுகிறது. ஆவணத்தில் என்ன இருந்தது என்ற கேள்வியிலிருந்து, ஆவணம் எப்படிக் கிடைத்தது என்ற கேள்விக்கு விவாதம் நகர்ந்தது இத்தகைய சொற்களின் துணையோடுதான். செய்திக்கு மறுப்புத் தெரிவித்த கழகங்களின் அறிக்கைகளில் எண்களைப் பற்றிய விளக்கத்தை விட, திருட்டைப் பற்றிய கண்டனம் முன்னிலை பெற்றது தற்செயலானதன்று.

5. காலத்தின் விலை

தடைகள் இறுதியில் உடைந்தன என்பதால் தணிக்கை தோற்றது என முடிவு செய்யலாமா? வெளிப்பட்டவற்றுள் சில விளைவு தந்தன. ரொனால்டோ 2019 ஜனவரியில் வரி ஏய்ப்பை ஒப்புக்கொண்டு 1.88 கோடி யூரோ செலுத்த உடன்பட்டார். 23 மாதச் சிறைத்தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. மறு மாதம் மொரின்ஹோவும் நிறுத்தி வைக்கப்பட்ட ஓராண்டுத் தண்டனை பெற்றார். 2018இல் பலர் வெறும் வரைவு என ஒதுக்கிய தனிப் போட்டித் திட்டம் 2021 ஏப்ரலில் பன்னிரண்டு கழகங்களின் அறிவிப்பாக வந்து, ரசிகர்களின் எதிர்ப்பில் சில நாள்களிலேயே சிதைந்தது.

மான்செஸ்டர் சிட்டியின் வழக்கு வேறு வகையில் அறிவுறுத்துகிறது. 2020 பிப்ரவரியில் யூஃபா அக்கழகத்துக்கு இரண்டு ஆண்டு விலக்கும் 3 கோடி யூரோ அபராதமும் விதித்தது. அந்த ஆண்டு ஜூலையில் லோசான் நகரின் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் விலக்கை நீக்கி, விசாரணைக்கு ஒத்துழைக்காமைக்காக அபராதத்தை ஒரு கோடியாகக் குறைத்தது. குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை நிறுவப்படவில்லை அல்லது காலாவதியாகிவிட்டன என்பது அதன் முடிவு. 'காலாவதி' என்ற அந்தச் சொல்லே இங்கு ஊன்றிக் கவனிக்கத்தக்கது. கழகம் குற்றச்சாட்டுகளை முழுமையாக மறுக்கிறது. அதன் மறுப்பு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் காலாவதியான பகுதியைப் பொறுத்தவரை, அது உண்மையா இல்லையா என்று சொல்லும் வாய்ப்பையே தாமதம் எடுத்துக்கொண்டது. கழகத்துக்கும் அது முழு விடுதலை தரவில்லை.

இங்கிலாந்தின் பிரிமியர் லீக் நடத்திய தனி விசாரணை முழுவதும் இரகசியமாகவே நடந்தது. ஆவணங்களை ஒப்படைப்பது குறித்த வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றபோது, தீர்ப்பை வெளியிட வேண்டாம் எனக் கழகமும் லீக்கும் ஒருமித்து வாதிட்டன. எதிரெதிரே நின்றவர்கள் மௌனத்தில் மட்டும் கைகோத்தனர். 2021 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2018 டிசம்பரில் தொடங்கிய விசாரணை அதுவரை அவ்வளவு குறைவாக முன்னேறியது பொதுமக்கள் கவலைப்படத்தக்கது என்றும் நீதிபதி ஒருவர் குறிப்பிட்டார். அந்த விசாரணையின் விவரங்கள் பல அந்தத் தீர்ப்பால்தான் பொதுவெளிக்கு வந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட விதிமீறல் குற்றச்சாட்டுகள் 2023 பிப்ரவரியில் பதிவாயின; 2024 செப்டம்பரில்தான் அவற்றின் விசாரணை அமர்வு தொடங்கியது.

இணையம் செய்தித் தடையை ஒழித்துவிட்டது என்ற கருத்தை இந்த இருபது ஆண்டுகள் திருத்துகின்றன. இணையம் ஒழித்தது நிரந்தர மறைப்பை. தாமதத்தை அது ஒழிக்கவில்லை. நிரந்தர மறைப்பு தேவைப்பட்டதும் இல்லை. பதவிக்காலம் முடியும்வரை, வாக்கெடுப்பு நடக்கும்வரை, வழக்குத் தொடுக்கும் காலவரம்பு கடக்கும்வரை ஒரு கோப்பு மூடியிருந்தால் போதும். தடையாணையின் வெற்றியை அது எத்தனை நாள் நின்றது என்பதைக் கொண்டு அளந்தால் போதாது. அந்த நாள்களுக்குள் எந்தப் பொறுப்பு காலாவதியானது என்பதைக் கொண்டும் அளக்க வேண்டும்.

2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் பொதுநலச் செய்தியாளர்களை அலைக்கழிக்கும் நோக்கில் தொடுக்கப்படும் வழக்குகளுக்கு எதிராக ஒரு நெறியாணையை இயற்றியுள்ளது. அடிப்படையற்ற வழக்குகளைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய அது வழிவகுக்கிறது. தனிமனித உரிமையையும் வழக்கறிஞர் இரகசியத்தையும் காத்துக்கொண்டே இதனைச் செய்ய முடியுமா என்பது நடைமுறையில்தான் தெரியும். சேர்க்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று மட்டும் தெளிவாக உள்ளது. செய்தியை நிறுத்தி வைக்க நீதிமன்றம் ஆணையிடும் நாளில், குற்றத்துக்கான காலவரம்பின் கடிகாரமும் நிறுத்தி வைக்கப்பட வேண்டாமா? களத்தில் ஆட்டம் நின்ற நேரத்தை நடுவர் கணக்கிட்டு இறுதியில் சேர்த்துத் தருகிறார். களத்துக்கு வெளியே இழந்த நேரத்தைச் சேர்த்துத் தரும் விதி இன்னும் எழுதப்படவில்லை.